பதக்கத்தைத் துலக்கலாமா?

1882-ஆம் ஆண்டு எகிப்தில் நடந்த யுத்தத்தில் கலந்துகொண்ட போர்வீரர்களுக்கு இரண்டு சின்னங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, விக்டோரியா மகாராணியின் முகத்தை ஒரு பக்கத்திலும் ஸ்பிங்க்ஸின் உருவத்தை மறுபக்கத்திலும் தாங்கிய, 36 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளிப் பதக்கம். மற்றொன்று, எகிப்தை அந்நாளில் ஆண்டுவந்த கெடீவ் தௌஃபீக் தமது நன்றியறிதலுக்கு அடையாளமாக அளித்த ஐம்முனை வெண்கல நட்சத்திரம். இவ்விரண்டையும் அருகருகே மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு வீரன் அணிவகுப்பில் நடந்தபோதும், குதிரையேறிச் சென்றபோதும், மேலதிகாரிக்கு வணக்கம் செலுத்தக் கையை உயர்த்தியபோதும், நட்சத்திரத்தின் கூர்முனை அண்டையிலிருந்த வெள்ளியின்மேல் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தது. வெள்ளி மிருதுவான உலோகம். வெண்கலமோ அதைவிடக் கடினமானது. ஆகையால் அந்த யுத்தத்தின் வெள்ளிப் பதக்கங்களுள் பல, அம்மை வடு விழுந்த முகம்போல, மகாராணியின் கன்னத்திலும் நெற்றியிலும் சிறு சிறு குழிகளைத் தாங்கியவையாகவே இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன.

சென்னை மாகாணத்து ஸாப்பர்ஸ் படையினர் அந்த யுத்தத்தில் இருந்தார்கள். 1882 செப்டம்பர் 13-இல் தெல்-எல்-கபீரில் நடந்த போரும், 1885-இல் செங்கடற்கரையில் சுவாக்கினிலும் தொஃப்ரெக்கிலும் நடந்த போர்களும் அப்படையின் கௌரவப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. அப்படையில் தமிழ்நாட்டு இளைஞர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தபடியால், நைல் நதிக் கரையின் நினைவைத் தாங்கிய அந்த வெள்ளி வட்டம் நம் கிராமத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. பேரனோ, பேரனுக்கு மகனோ ஒருநாள் பழைய பெட்டியைத் திறந்து, கறுத்துப்போய், குழி விழுந்து, நாடா நைந்து கிடக்கும் அதனை எடுத்துப் பார்க்கும்போது, அவன் உள்ளத்தில் முதலாவதாக எழும் எண்ணம் அதைத் துலக்கிப் பளபளப்பாக்க வேண்டும் என்பதே. அந்த எண்ணத்தில் குற்றம் ஒன்றுமில்லை. அது பக்தியிலிருந்து பிறப்பது. ஆயினும் அந்தப் பக்தி எதை அழித்துவிடக்கூடும் என்பதை அவன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

வெள்ளியின் கருமையை முதலில் எடுத்துக்கொள்வோம். இரும்பைத் துரு அரிப்பதைப் போல வெள்ளியைப் பிராணவாயு அரிப்பதில்லை. சுத்தமான காற்றில் வெள்ளி நெடுங்காலம் வெண்மையாகவே இருக்கும். அதைக் கறுக்கச் செய்வது கந்தகம். அழுகும் இலைதழைகளிலிருந்தும், நிலக்கரிப் புகையிலிருந்தும், முட்டையிலிருந்தும், கம்பளியிலிருந்தும், ரப்பரிலிருந்தும் வெளிப்படும் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயு, நமது மூக்கு உணராத அத்தனை அற்பமான அளவில் காற்றில் கலந்திருந்தாலும், வெள்ளியோடு கூடி வெள்ளி ஸல்பைடு என்னும் சேர்மத்தை அதன் மேற்பரப்பில் உண்டாக்குகிறது. இந்தப் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலப்பதனால் முதலில் இளமஞ்சளாகவும், பின்பு செம்பழுப்பாகவும், அதன்பின் ஊதாவாகவும் நீலமாகவும் தோன்றி, படலம் தடித்தபிறகே முற்றிலும் கறுப்பாகிறது. சோப்புக் குமிழியில் நிறங்கள் விளையாடுவதற்கு உள்ள காரணமே இதற்கும் காரணம். பழைய பதக்கத்தின் ஓரங்களில் மயில் கழுத்தின் நிறம் ஓடுவதைப் பார்த்து அழுக்கு என்று அருவருப்பவர், மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு படலம் ஒளியோடு நிகழ்த்தும் அற்புதத்தையே பார்க்கிறார்.

இந்தக் கருமை வெளியிலிருந்து வந்து வெள்ளியின்மேல் ஒட்டிக்கொண்ட அழுக்கன்று. வெள்ளி ஸல்பைடின் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளியே. எஞ்சிய 13 பங்குதான் கந்தகம். ஆகவே கறுப்பைத் துடைத்து எடுக்கிறவர், தாம் அறியாமலே, மகாராணியின் கூந்தலிலிருந்தும் ஸ்பிங்க்ஸின் மூக்கிலிருந்தும் வெள்ளியைத்தான் துடைத்து எடுக்கிறார். ஒருமுறை துடைப்பதால் போவது அற்பமே. ஆனால் துலக்கிய வெள்ளி மீண்டும் கறுக்கிறது. கறுத்ததை மீண்டும் துலக்குகிறோம். ஐம்பது, அறுபது ஆண்டுகள் இவ்வாறு நடந்தபின், முகத்தில் உயர்ந்து நின்ற புருவமும் உதடும் சமதளமாகிவிடுகின்றன. ஸல்பைடுப் படலம் தடித்துக்கொண்டே போகப்போகத் தனக்கு அடியிலுள்ள வெள்ளியைக் காற்றிலிருந்து ஓரளவு மறைக்கவும் செய்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

துலக்கும் பொருள்களின் கடினம் ஒரு முக்கியமான விஷயம். தாதுக்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் வெள்ளிக்கு இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட ஸ்தானமே உண்டு, சுண்ணாம்புக்கல்லுக்கு மூன்று, தட்டார்கள் மெருகுக்குப் பயன்படுத்தும் செந்நிற இரும்பு ஆக்ஸைடுக்கு ஏறக்குறைய ஆறு, மணலிலும் செங்கல் தூளிலும் உள்ள குவார்ட்ஸுக்கு ஏழு. செங்கல் தூளால் பித்தளைப் பொத்தானைத் துலக்கிய கை, அதே தூளோடு வெள்ளிப் பதக்கத்தையும் தேய்த்ததென்றால், அது துடைத்தது ஆகாது, அராவியதே ஆகும். நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்துக்குத் திருநீறும், செம்புக்கும் பித்தளைக்கும் புளியும் இட்டு விளக்குகிறோம். திருநீற்றில் நுண்ணிய மணற்சத்தும் காரமும் இருப்பதனால் அது தேய்த்தும் கரைத்தும் வேலை செய்கிறது. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் செம்பின் ஆக்ஸைடைக் கரைத்துவிடுகிறது. தினந்தோறும் புழங்கும் பாத்திரத்துக்கு இவை உத்தமமான சாதனங்கள். குடம் தேய்ந்தால் வேறு குடம் வாங்கிக்கொள்ளலாம். பாட்டனாரின் பதக்கத்துக்கு மாற்று ஏது?

தேய்க்காமலே வெண்மையாக்க வழிகள் இல்லையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு முறைகள் சொல்லப்படுகின்றன. தயோயூரியாவும் அமிலமும் கலந்த திரவத்தில் தோய்த்தால் கறுப்பு சில விநாடிகளில் மறைந்துபோகும். ஆனால் அத்திரவம் ஸல்பைடோடு நிற்பதில்லை. பதக்க வெள்ளியில் கடினத்துக்காகச் சேர்க்கப்பட்டுள்ள செம்பை, அது நூற்றுக்கு ஏழரைப் பங்கே இருந்தபோதிலும், தாக்கி வெளியேற்றிவிட்டு, நுண்துளைகள் நிறைந்த, ஒளியற்ற மேற்பரப்பை விட்டுச்செல்கிறது. அத்தகைய மேற்பரப்பு முன்னைவிட விரைவாகக் கறுக்கும். மற்றொரு முறை, அலுமினியத் தகட்டின்மேல் பதக்கத்தை வைத்து, சலவைச் சோடா கரைத்த சுடுநீரை ஊற்றுவது. இதில் அலுமினியம் ஸல்பைடிலிருந்து கந்தகத்தைப் பிரித்து, வெள்ளியை மீண்டும் வெள்ளியாகவே திருப்பித் தருகிறது. வெள்ளி வீணாகாமல் இருப்பதனால் ரசாயன சாஸ்திரிகளின் மனத்தைக் கவரும் முறை இது. எனினும் திரும்பி வரும் வெள்ளி, தான் முன்பிருந்த இடத்தில் முன்பிருந்தபடியே அமர்வதில்லை. பஞ்சுபோன்று தளர்வாகப் படிகிறது. அன்றியும் கண்ணாடிப் பூச்சுள்ள சிலுவைகளைச் சுடுநீரில் இட்டால் பூச்சு வெடிக்கும். தங்க முலாம் பூசியவற்றிலோ முலாமுக்கே ஆபத்து நேரும்.

உருவத்தைக்காட்டிலும் நான் அதிகமாகக் கவலைப்படுவது விளிம்பைப் பற்றியே. பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில், அதைப் பெற்றவனுடைய எண்ணும், பெயரும், படையும் பொறிக்கப்பட்டிருக்கும். 1815-இல் நடந்த வாட்டர்லூ போருக்காக, தளபதி முதல் சாதாரணச் சிப்பாய் வரை எல்லோருக்கும் ஒரேவிதமாக வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்திலிருந்து இந்த வழக்கம் வேரூன்றியது. 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்துக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் அடிக்கப்பட்டது. அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கையில், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து, அது இன்ன மனிதனுடையது என்று சொல்வது அந்த விளிம்பின் சில எழுத்துகளே. 1980-இல் வெள்ளியின் விலை வரலாறு காணாத உயரத்துக்கு ஏறியபோது, அப்பதக்கங்களில் பல உருக்கப்பட்டு வெறும் வெள்ளிக் கட்டிகளாக மாறின. அவற்றோடு எத்தனையோ பெயர்கள் மறைந்தன. அந்த அழிவு ஒரே நாளில் நிகழ்ந்தது. துலக்குவதனால் வரும் அழிவு தலைமுறை தலைமுறையாக மெல்ல நிகழ்கிறது.

பெயரைப் பொறிக்கும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. வாட்டர்லூ பதக்கத்தில் எழுத்துகள் எஃகு அச்சுகளால் அழுத்திப் பதிக்கப்பட்டவை. எகிப்துப் பதக்கத்தில் அவை உளியால் செதுக்கப்பட்டவை. அழுத்திப் பதிக்கும்போது எழுத்தின் பள்ளம் மட்டுமன்றி, அதன் அடியிலுள்ள உலோகத்தின் படிகங்களும் நசுங்கி உருமாறுகின்றன. மேலே தெரியும் எழுத்து அழிந்துபோன பின்னும், அந்த நசுங்கிய பகுதி அடியில் தங்கியிருக்கும். துப்பாக்கியிலிருந்து அராவி அழிக்கப்பட்ட எண்களைப் போலீஸ் பரிசோதனைச் சாலைகள் அமிலம் தடவி வெளிக்கொணர்வது இந்தத் தத்துவத்தைக் கொண்டே. செதுக்கிய எழுத்துக்கு அத்தகைய வேர் மிகக் குறைவு. அது தேய்ந்துவிட்டால் மீட்பது அரிது. பழைய பெயரை அராவிவிட்டு வேறொரு புகழ்பெற்ற வீரனின் பெயரைப் பொறித்து விற்கும் மோசடியும் உலகில் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் பதக்கத்தின் குறுக்களவைப் பல திசைகளில் நுண்ணளவியால் அளந்து பார்ப்பார்கள். விளிம்பில் உலோகம் குறைந்திருந்தால் அளவு காட்டிக்கொடுத்துவிடும். அளவுக்கு மீறித் துலக்கிய உண்மைப் பதக்கமும் இந்தச் சோதனையில் பொய்ப் பதக்கத்தைப்போல் தோன்றக்கூடும் என்பது எவ்வளவு பரிதாபத்துக்குரியது!

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது வலிமையான வாதம். அந்த வீரனே தன் பதக்கத்தைத் துலக்கினானே, அது அவனுடைய படையின் கட்டளையாயிற்றே, கறுத்த பதக்கத்தோடு அணிவகுப்பில் நின்றிருந்தால் அவனைத் தண்டித்திருப்பார்களே, அப்படியிருக்க நாம் மட்டும் ஏன் துலக்கக்கூடாது என்பது அவ்வாதம். இதை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். ஆனால் அவன் துலக்கியதனால் உண்டான தேய்வு அவனுடைய சேவையின் ஒரு பகுதி. அந்த மழுங்கிய முகத்தில் அவனுடைய கட்டைவிரல் எத்தனையோ காலைப்பொழுதுகளில் ஓடியிருக்கிறது. நாம் இன்று தேய்த்தால் அதன்மேல் நமது தேய்வு படிந்து, இரண்டையும் பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். குழிகளும் அப்படிப்பட்டவையே. நட்சத்திரமும் வெள்ளியும் ஒரே மார்பில் ஒன்றாக வாழ்ந்தன என்பதற்கு அவற்றைவிட நம்பத்தக்க சாட்சியம் கிடையாது. அக்குழிகளைச் சமப்படுத்த வேண்டுமானால், மிக ஆழமான குழியின் அடிமட்டம் வரையில் முகம் முழுவதையும் அராவ வேண்டும். அப்போது மகாராணியும் இருக்கமாட்டாள், குழியும் இருக்காது.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய பதக்கம் இன்னும் தெளிவான உதாரணம். சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சியை ஒரு முகத்தில் கொண்ட அப்பதக்கத்தைப் பர்மிங்காமுக்கு அருகிலிருந்த சோஹோ நாணயச்சாலையில் மாத்யூ போல்ட்டன் அடித்துக் கொடுத்தார். பதவிக்குத் தக்கபடி தங்கம், முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயத்தில் அது கிடைத்தது. தொங்கவிடுவதற்கான வளையம் எதுவும் அதில் இல்லை. பெற்றவர்கள் தங்கள் ஊர்த் தட்டார்களிடம் கொடுத்துத் தங்கள் விருப்பப்படி வளையம் பற்றவைத்துக்கொண்டார்கள். புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த வளையத்தைக் கழற்றி, பற்றவைத்த தழும்பை மெருகிட்டு மறைத்து, நாணயச்சாலையிலிருந்து வந்தபடி ஆக்கிவிட்டதாக ஒருவர் பெருமைப்படுவாரானால், அந்தப் பதக்கத்தில் இந்திய மண்ணின் கைவேலையாக இருந்த ஒரே பகுதியை அவர் நீக்கிவிட்டார் என்றே நான் சொல்வேன். வெள்ளீயம் மோஸ் அளவையில் ஒன்றரை ஸ்தானமே பெற்றது. நகத்தால் கீறினாலே கோடு விழும். அதைத் துலக்க நினைப்பதே தகாது. விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த விருதும் தயாரிக்கும்போதே கரும்பழுப்பு நிறம் ஏற்றப்பட்டது. அதைத் தேய்த்துப் பொன்னிறமாக்குவது, அது ஒருநாளும் கொண்டிராத கோலத்தை அதற்கு அளிப்பதாகும்.

இதுவரை சொன்னவற்றிலிருந்து, எதையும் தொடவே கூடாது என்று நான் கூறுவதாக யாரும் கருதவேண்டாம். செம்பும் செம்பு கலந்த உலோகங்களும் வேறு விதமானவை. அவற்றில் நோய் என்றே சொல்லத்தக்க ஒன்று உண்டு. கடற்காற்றிலிருந்தும், மனித வியர்வையிலிருந்தும் வரும் உப்பு வெண்கலத்தில் ஊறும்போது, அதன் குளோரின் பாகம் செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உலோகத்தின் அடியில் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரம் அதை எட்டினால், அது வெளிறிய பச்சைத் தூளாக மாறி, மாறும்போதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. இந்தச் சுழல் உலோகம் உள்ளவரை நிற்பதில்லை. சாந்தமாக, கெட்டியாக, ஒரே சீராகப் படிந்திருக்கும் பச்சைக் களிம்பு அஞ்சத்தக்கதன்று. விரல் பட்டால் உதிரும் பச்சைப் புள்ளிகளைக் கண்டால் தாமதிக்கலாகாது. சுவாக்கின் கரையில் உப்புக் காற்றில் அணியப்பட்டு, பின்னர் கடலோரத்துச் சென்னையில் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட ஒரு கெடீவ் நட்சத்திரத்துக்கு இந்நோய் வருவதற்கு எல்லாக் காரணங்களும் உண்டு.

இந்நோயோடு போராடியதில் நமது சென்னை நகரத்துக்கு ஒரு கௌரவமான இடம் இருக்கிறது. முதல் மகாயுத்தத்தின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் நிலத்தடி ரயில் சுரங்கங்களில் வைக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் மியூசியத்துப் பொருள்கள், யுத்தம் முடிந்து வெளியே வந்தபோது துருவும் உப்பும் பூசணமும் பிடித்திருந்தன. அதைக் கண்டே அலெக்ஸாண்டர் ஸ்காட் என்னும் ரசாயன நிபுணரை அழைத்து அங்கே ஒரு பரிசோதனைச் சாலை அமைத்தார்கள். அதற்குப் பத்தாண்டுகள் சென்று, 1930-இல், எழும்பூரிலுள்ள சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையில், களிம்பு நோயுற்ற கோயில் செப்புத் திருமேனிகளைக் காப்பதற்காக எஸ். பரமசிவன் அவர்களின் பொறுப்பில் ஒரு ரசாயனச் சாலை ஏற்பட்டது. மின்சாரத்தைச் செலுத்திக் களிம்பை மீண்டும் உலோகமாக்கி உப்பை வெளியேற்றும் முறை அங்கே திறமையாகக் கையாளப்பட்டது. பிற்காலத்து நிபுணர்கள் அந்த முறையையும் எச்சரிக்கையோடு நோக்கலானார்கள். ஏனெனில் சிற்பி விட்டுச்சென்ற உண்மையான மேற்பரப்பு பல பொருள்களில் களிம்பின் நடுவிலேயே ஒளிந்திருக்கிறது. களிம்பு முழுவதையும் நீக்கினால் அதுவும் போய்விடும். இப்போது சாராயத்தில் கரைத்த பென்ஸோட்ரையஸோல் என்னும் பொருளைக்கொண்டு செம்பின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, பிறகு பொருளை உலர்ந்த காற்றில் வைக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40-க்குக் கீழே இருக்குமானால் நோய் அடங்கிவிடும். இந்த வேலை பயிற்சி பெற்றவர் கையால் நடக்கவேண்டியது, வீட்டில் செய்வதற்குரியதன்று.

பித்தளைக்கு மற்றொரு பகை அம்மோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், மழைக்காலத்து ஈரமும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது அதனுள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்தே இவ்விளைவை உண்டாக்குகின்றன என்று 1921-இல் விளக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் பித்தளை மெருகுத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. செம்பும் துத்தநாகமும் கலந்து செய்த இரண்டாம் மகாயுத்தத்து நட்சத்திரங்களின் இடுக்குகளில், பர்மாவில் போரிட்ட தமிழ்ச் சிப்பாய்களின் பர்மா நட்சத்திரம் உட்பட, அத்திரவத்தின் வெண்படிவைப் பல தடவை காணலாம். அதனால் ஒவ்வொரு நட்சத்திரமும் வெடித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஈரத்தை ஈர்த்துப் பச்சையைத் தூண்டும் அந்தப் படிவை மென்மையான மரக்குச்சியாலும் சாராயம் தோய்த்த பஞ்சாலும் எடுத்துவிடுவது நியாயமான சுத்திகரிப்பு. விரல் எண்ணெய், தூசி, பழைய மெழுகு இவற்றை நீக்குவதும் அவ்வாறே. உலோகத்தை எடுக்காத சுத்திகரிப்புக்கு நான் விரோதியல்ல.

ஆகவே எகிப்துப் பதக்கமும் நட்சத்திரமும் ஒரு வீட்டில் சேர்ந்து கிடைத்தால், முதலில் இரண்டையும் எல்லாக் கோணங்களிலும், விளிம்பையும் விடாமல், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளியைத் தொடவேண்டியதில்லை. நட்சத்திரத்தில் உதிரும் பச்சை இருந்தால் நிபுணரிடம் கொண்டு செல்ல வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி தனித்தனியே, அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு, மூடி இறுகிய பாலிஎதிலீன் பெட்டியில் வைக்கலாம். கம்பளித் துணி விரித்த பெட்டி வேண்டாம். கம்பளியின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரப்பர் வளையத்தால் கட்டினால் வளையம் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு விழும். மிருதுவாக்கிய பி.வி.சி. உறைகளும் காலப்போக்கில் அமிலத்தைக் கசியவிடுவதால் விலக்கத்தக்கவை.

நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. எகிப்துப் பதக்கத்துக்கு நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் ஐந்து பட்டைகள். நட்சத்திரத்துக்கு ஒரே கருநீலம். பட்டு நைந்துவிட்டது என்று பழைய நாடாவை எறிந்துவிட்டுப் புதியதைக் கோப்பதே பலருடைய வழக்கம். அதைத் துவைக்கவும் கூடாது, எறியவும் கூடாது. சாயம் வெளுக்காதபடி இருட்டிலோ, காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேற்படாத ஒளியிலோ வைக்க வேண்டும். நினைவு நாளில் சந்ததியார் அணிந்துகொள்ள விரும்பினால், நகல் ஒன்றைச் செய்வித்து அணிவதே நலம். அசலையே அணியத் தீர்மானித்தால், பதக்கங்களையும் நாடாக்களையும் கெட்டியான அட்டைமேல் அசையாமல் தைத்துப் பொருத்தும் முறையைத் தையற்காரரிடம் கேட்கலாம். நட்சத்திரத்தின் முனை வெள்ளியின்மேல் மோதாமல் அது தடுத்துவிடும்.